பழைய டகுமார், எஃப்டி லென்ஸ்கள் ஆர்10 கமராவில்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். மாமா ஸ்டூடியோ நடத்திய காலத்து லென்ஸ்கள் இரண்டு இப்போது என் கையில். ஒன்று கேனன் எஃப்டி 50 மி.மீ., மற்றது எம்42 திருகு மவுண்ட் (கமராவில் திருகிப் பொருத்தும் வகை) சூப்பர் டகுமார் 50 மி.மீ. எஃப்/1.4. கமரா கேனன் ஆர்10.

எஃப்டி பற்றிக் கவலை இல்லை. அது சென்சரிலிருந்து 42 மி.மீ. தள்ளி நிற்க வேண்டிய லென்ஸ், ஆர்10இன் ஆர்எஃப் மவுண்டுக்கு (லென்ஸ் பொருந்தும் வாய்) 20 மி.மீ. மிச்ச 22 மி.மீ.ஐ வெறும் குழாய் அடாப்டரே நிரப்பிவிடும். கேனனின் பழைய இஎஃப் மவுண்ட் கமரா என்றால் இந்தச் சுகம் கிடையாது. கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது. இந்த லென்ஸ்களைக் கமரா அடையாளம் காணாது என்பதால், லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழும் செட்டிங்கை ஆன் பண்ணிவிட்டேன்.

சிக்கல் டகுமாரில்தான். தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கண்ணாடி என்பதால் காலப்போக்கில் வெறும் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. புற ஊதா ஒளி பட்டால் தெளியும் என்பது தெரியும். யாழ்ப்பாணத்தில் வெயிலுக்கா பஞ்சம்! ஆனால் சூட்டில் கிரீஸ் இளகி அபெர்ச்சர் தகடுகளில் (ஒளி புகும் துளையைச் சுருக்கி விரிப்பவை) படியுமோ என்று பயம். யன்னலோரம் வைத்துத் தெளிய வைத்தவர்கள் இருக்கிறீர்களா? புற ஊதா எல்ஈடி விளக்கு பாதுகாப்பானதா? எத்தனை நாள் பிடித்தது?

உள்ளே கொஞ்சம் பூஞ்சையும் இருக்கிறது. லென்ஸைப் பிரித்துத் துடைக்கத் தெரிந்தவர் யாழ் நகரில் யாராவது உண்டா, அல்லது கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டுமா?

அப்புறம், நல்லூர்த் தேருக்கு இதோடு போக ஆசை. அந்தச் சனத்துக்குள் கையால் ஃபோகஸ் பண்ண பீக்கிங் (ஃபோகஸான விளிம்புகளைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் வசதி) மட்டும் போதுமா?