ராட் அயர்ன்ல வர்ற ராட் எந்த வெர்புங்க?

மதுரைக்காரன்:
வீட்டு கேட்டுக்கு கொட்டேஷன் வாங்கினேன், அதுல ராட் அயர்ன்னு (wrought iron) இங்கிலீஷ்ல எழுதிருந்தாங்க, நான் இத்தன நாளா அது கம்பி, அதான் ராடுன்னு நெனச்சிட்டு இருந்தேன், பாத்தா ஸ்பெல்லிங் டபிள்யூல ஆரம்பிச்சு நடுவுல ஜிஹெச் எல்லாம் வருது. டிக்‌ஷனரில பாஸ்ட் பார்ட்டிசிபிள்னு போட்ருக்கு. எதுக்கு? பெரிய நாசம் பண்றத ரீக் ஹேவக்னு (wreak havoc) சொல்வாங்களே, அந்த ரீக்குக்கா?

பழையசொல்:
நெறைய பேர் அப்டித்தான் நெனைக்கிறாங்க, ஆனா ரீக் வேற வேர், அதுக்கு பழைய அர்த்தம் பழிவாங்குறது. இது நம்ம தினமும் சொல்ற ஒர்க் தாங்க! முன்னாடி ஒர்க்கோட பாஸ்ட் ஃபார்மே இதான், ஒர்க்ட்ங்கிறது அப்புறமா வந்தது. பழைய இங்கிலீஷ்ல வொர்ஹ்ட்னு ஏறக்குறைய ஒலிச்சுது, பின்னாடி ரகரம் முன்னால தாவி ரொஹ்ட் ஆச்சு, அந்த ஹ் சத்தம் செத்துப்போயி எழுத்துல மட்டும் ஜிஹெச்சா நிக்குது. தமிழ்லயும் இது உண்டு, தசை சதை ஆகுது, விசிறி சிவிறி ஆகுது, ஊர்ல குதிரைய குருதன்னு சொல்றோம்ல. நாடகாசிரியர ப்ளேரைட்னு (playwright) சொல்வாங்கல்ல, அதுல இருக்க ரைட்டும் இதே குடும்பம், எழுதுறதுக்கு சம்பந்தமே இல்ல, செஞ்சு உருவாக்குற ஆள்னு அர்த்தம். எனக்கு இது தெரிஞ்ச அன்னிக்கு தூக்கமே வரல.

பட்டறைக்காரர்:
அப்போ சரியாத்தான் பேர் வச்சிருக்காங்க தம்பி. காஸ்ட் அயர்ன்னா உருக்கி அச்சுல ஊத்துனது, வார்ப்பிரும்பு. ராட் அயர்ன்னா காய்ச்சி சுத்தியால அடிச்சு வேல செஞ்சது, புஸ்தகத்துல தேனிரும்புன்னு போடுவாங்க, கார்பன் 0.25 சதவீதத்துக்கும் கம்மி, அதான் அடிச்சா ஒடையாம வளையும். 1889ல தெறந்த ஈஃபிள் டவர் இந்த இரும்புல கட்டுனதுதான். ஆனா இப்ப அந்தப் பேர்ல வர்ற கேட்டு எல்லாம் பெரும்பாலும் மைல்ட் ஸ்டீல்.

மதுரைக்காரன்:
ஓவர்ராட்னு ஒரு வார்த்த இருக்கே, மனசு ரொம்ப கொந்தளிச்சு இருக்கவங்கள சொல்வாங்க, அதுவும் இதானா?

பழையசொல்:
அதேதான், அளவுக்கு மேல வேலை வாங்கப்பட்ட மனசு. இன்னொன்னு, 1844 மே 24 அன்னிக்கு சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டன்ல இருந்து பால்டிமோருக்கு அனுப்புன தந்தில கடைசி வார்த்தையே இந்த ராட் தான். பைபிள் எண்ணாகமம் 23:23ல இருந்து எடுத்தது, தமிழ் பைபிள்ல அந்த எடத்துல ‘தேவன் என்னென்ன செய்தார்’னு இருக்கும். ஒர்க்குக்கு நேரா ‘செய்’, எவ்ளோ சரியா உக்காருது பாருங்க.

மதுரைக்காரன்:
ரொம்ப நன்றிங்க. கேட் என்ன இரும்புன்னு நாளைக்கு போய் கேக்கிறேன்.