லீவர் இல்லாத பிஸ்டல்: மாமாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

வணக்கம் நண்பர்களே, வெலிங்டனிலிருந்து எழுதுகிறேன். மாமனார் ராணுவத்தில் 9 எம்.எம். பிரவுனிங் பிடித்தவர். கட்டைவிரலால் தட்டிவிடும் சேஃப்டி லீவர் இல்லாததைத் துப்பாக்கியாகவே மதிக்க மாட்டார். போலீஸில் இருக்கும் என் தம்பிக்கு இப்போது கிளாக் 17 பிஸ்டல்; அதில் அந்த லீவர் கிடையாது. "லாக்கே இல்லையே மாப்ளே, இடுப்பிலேயே வெடிச்சிடுமே!" என்று நேற்று டீ ஆறிப்போகும்வரை சண்டை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ட்ரிக்கரின் நடுவே நாக்கு மாதிரி சின்னத் தகடு. விரல் அதையும் சேர்த்து அமுக்கினால்தான் ட்ரிக்கர் பின்னால் போகும். ஓரத்தில் மட்டும் இடித்தால் தகட்டின் பின்முனை துப்பாக்கியின் உடல்சட்டகத்தில் முட்டி நின்றுவிடும். இதுபோக ஃபயரிங் பின்னை (தோட்டாவின் பின்பக்கம் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியை) மறிக்க ஒன்று, கீழே விழுந்தால் காக்க ஒன்று, இரண்டும் உள்ளே.

சந்தேகம் இதுதான்: இங்கே குளிருக்கு எந்நேரமும் ஜெர்கின். அதன் கயிறு இடுப்பில் இருக்கும் துப்பாக்கி உறைக்குள் சிக்கி நாக்கையும் சேர்த்து இழுத்தால்? விரல் எது, கயிறு எது என்று அதற்குத் தெரியாதே! ட்ரிக்கர் நகர நகர உள்ளே இருப்பவையும் விலகிவிடும் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் மாமா பேச்சில் பாதி நியாயம்.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். வெட்டுத்தோற்றப் படம் இருந்தால் போடுங்கள், மாமா படம் பார்த்தால்தான் நம்புவார். ட்ரிக்கரை முழுதாக மூடும் கெட்டி உறை எது நல்லது என்றும் சொன்னால் தம்பிக்கு உதவும்.