ஹெல்மெட்டால் ஒரே அடி: இது கொலையா, இல்லையா?

பாகான்_சித்தி
என் அக்கா மகன் போய் ரெண்டு வருஷம் ஆகப்போகுது. பினாங்கு பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண மண்டபத்து கார் பார்க்கிங். பைக்கை மறிச்சு நிறுத்திட்டாங்கன்னு வாய்ச்சண்டை, தள்ளுமுள்ளு. பிறகு ஹெல்மெட்டால் பின்மண்டையில் ஒரே அடி. மூணாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிடுச்சு. முதல்ல செக்‌ஷன் 302, கொலைன்னு சார்ஜ் பண்ணாங்க. போன வெள்ளிக்கிழமை அதை 304(பி)யா மாத்தினாங்க. அவனும் உடனே ஒத்துக்கிட்டான். ஆறு வருஷம், அதுவும் பிடிபட்ட நாளிலேருந்து. அடிச்சவனே அடிச்சேன்னு ஒத்துக்கிறான். உயிரும் போயிருக்கு. அப்புறம் எப்படி அது கொலை இல்லாம போகும்? யாராவது எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க.

லைட்_ஸ்ட்ரீட்_குமாஸ்தா
அக்கா, உங்க வேதனை புரியுது. ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இந்த மாதிரி கோப்புகளோடதான் என் வேலை, அதனால சொல்றேன். உயிர் போனது குற்றத்தில் பாதி. அடிச்ச நேரத்தில் அவன் மனசில் என்ன இருந்தது என்பது மறுபாதி. ரெண்டும் சேர்ந்தால்தான் கொலை.

நம்ம மலேசியத் தண்டனைச் சட்டப்படி, கொல்லணும்னு நினைச்சு அடிச்சா செக்‌ஷன் 300, அதுக்குத் தண்டனை 302. கொல்லும் எண்ணமோ, உயிர் போற அளவுக்குக் காயப்படுத்தும் எண்ணமோ இல்லை, ஆனா இப்படி அடிச்சா உயிர் போகலாம்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குன்னா 304(பி). அதிகபட்சம் பத்து வருஷம். வெறும் அசட்டையால் சாவு நேர்ந்தால் அது 304ஏ, ரெண்டு வருஷத்துக்கு மேல் போகாது. இங்கிலாந்தில் மேன்ஸ்லாட்டர் என்று ஒரே பெயருக்குள் அடக்குவதை நம்ம சட்டம் இப்படிப் பிரிச்சு வச்சிருக்கு. 1860ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தை ஒட்டி, 1871இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்காக இயற்றிய சட்டம்தான் இதுக்கு அடிப்படை. மனசைப் பார்க்காம சாவை மட்டும் பார்த்தா, பிரேக் பிடிக்காத லோரிக்காரனும் விஷம் வச்சவனும் ஒண்ணாயிடுவாங்க.

செந்தூல்_வாத்தியார்
தம்பி, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். செக்‌ஷன் 300க்குள் நுழையக் கொல்லும் எண்ணம்தான் வேண்டும் என்பதில்லை. அதன் மூன்றாவது பிரிவைப் படியுங்கள். ஒரு காயத்தை உண்டாக்க நினைத்தான், அந்தக் காயம் இயல்பான போக்கில் உயிரைப் பறிக்கப் போதுமானது என்றாலே கொலைதான். 1958இல் இந்திய உச்ச நீதிமன்றம் விர்சா சிங் வழக்கில் சொன்னது இதைத்தான். ஈட்டியால் வயிற்றில் ஒரே குத்து. "சாகடிக்க நினைக்கவில்லை" என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. நம் நாட்டு நீதிமன்றங்களும் அந்தத் தீர்ப்பைப் பின்பற்றி வந்திருக்கின்றன. ஹெல்மெட்டை ஓங்கி மண்டையில் இறக்குகிறவன் எதை நினைத்து இறக்குகிறான்? தோளில் தட்டவா?

இன்னொன்று. 302 என்றால் தூக்கு மட்டும்தான் என்றிருந்த காலத்தில், ஒரு பையனைக் கயிற்றுக்கு அனுப்பத் தயங்கிக் குற்றச்சாட்டைக் குறைத்தார்கள் என்றால் எனக்கு விளங்குகிறது. 4 ஜூலை 2023 முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. நீதிபதி நினைத்தால் தூக்குக்குப் பதில் 30 முதல் 40 ஆண்டு சிறையும், ஆணாக இருந்தால் 12க்குக் குறையாத பிரம்படியும் கொடுக்கலாம். அப்படியிருக்க இன்னும் ஏன் அவசரப்பட்டு இறக்குகிறார்கள்? முழு விசாரணை நடத்தி, கொலை இல்லை என்று நீதிபதியே சொல்லட்டும்.

பிறை_அண்ணன்
வாத்தியாரே, 302ன்னு எழுதுறது சுலபம். அந்த நம்பரைச் சுமந்துக்கிட்டு உள்ளே கிடக்கிறவன் வீட்டுக்கு வந்து பாருங்க. என் தம்பியை ஒரு அடிதடியில் செக்‌ஷன் 34 போட்டு, பொது எண்ணம்னு சொல்லி, மத்தவங்களோட சேர்த்து 302ல் ஏத்தினாங்க. அவன் கை ஓங்கவே இல்லை. ஜாமீன் கிடையாது. அவன் உள்ளே இருந்தப்பவே எங்கப்பா காலமாயிட்டார், கொள்ளி வைக்க வரமுடியலை. கடைசியில் விடுதலை ஆனான். போன வருஷங்களை யார் திருப்பித் தருவா? சண்டையில் விழுற ஒவ்வொரு அடியையும் கொலைன்னு ஆரம்பிச்சா நம்ம வீட்டுப் பசங்கதான் மாட்டுவாங்க. எண்ணம் என்னன்னு தேடிப் பார்க்கிற சட்டம் இருக்கிறதாலதான் என் தம்பி வெளியே வந்தான்.

பாகான்_சித்தி
உங்க தம்பி வந்துட்டான் அண்ணே. எங்க பையன் வரமாட்டான். அடிச்சவன் மனசைத் தோண்டித் தோண்டிப் பார்க்கிறீங்க. எங்க அக்கா மனசை கோர்ட்டில் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல.

லைட்_ஸ்ட்ரீட்_குமாஸ்தா
அக்கா, ஒண்ணு மட்டும் கேக்கணும். கோபப்படாதீங்க. ஹெல்மெட் சண்டை நடக்கும்போதே அவன் கையில் இருந்ததா, இல்லை போய் எடுத்துட்டு வந்தானா?

பாகான்_சித்தி
போய் எடுத்துட்டு வந்தான். மண்டபத்து கேமராவில் இருக்கு, போலீஸ் எங்களுக்குப் போட்டுக் காட்டினாங்க. தள்ளுமுள்ளு முடிஞ்சு ஆளுங்க விலக்கி விட்டுட்டாங்க. அவன் பைக் அந்தக் கோடியில், சாக்கடை ஓரமா நின்னுச்சு. அங்கே நடந்து போய், கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைக் கழட்டி, தாடைவாரைக் கையில் சுத்திக்கிட்டு திரும்பி வந்தான். எங்க பையன் அதுக்குள்ள படிக்கட்டுப் பக்கம் போக ஆரம்பிச்சுட்டான். பார்க்கவே இல்லை.

செந்தூல்_வாத்தியார்
இதற்கு மேல் என்ன வேண்டும்?

லைட்_ஸ்ட்ரீட்_குமாஸ்தா
இதுதான் வழக்கோட உயிர்நாடி. கொலையைக் குறைக்கிற விதிவிலக்குகளில் நாலாவது, திடீர்ச் சண்டை. முன்கூட்டித் திட்டம் இருக்கக் கூடாது, ஆத்திரத்தின் சூட்டில் நடந்திருக்கணும், எதிராளியை விட அநியாயமான சாதகம் எடுத்திருக்கக் கூடாது, கொடூரமா நடந்திருக்கக் கூடாது. விலக்கி விட்ட பிறகு நடந்து போய், வாரைச் சுத்திக்கிட்டு வந்து, முதுகு காட்டுறவனை அடிச்சது இதில் அடங்குமான்னு எனக்கும் பலமான கேள்வி இருக்கு. கேமராவில் தெரிகிற அந்த நடையிலிருந்துதான் கோர்ட்டு எண்ணத்தைப் படிக்கும். அதனாலதான் மனசைப் பார்க்கணும்னு இன்னும் சொல்றேன் அக்கா. அது உங்களுக்கு எதிரான சட்டம் இல்லை. ஒரே அடி என்பதால், பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் காயத்தைப் பத்தி என்ன எழுதினார் என்பதும் பெருசு. சட்டத்துறை அங்கேதான் தயங்கியிருக்கலாம்.

ஆனா எந்தப் பிரிவில் சார்ஜ் பண்ணணும் என்கிற அதிகாரம் அரசியலமைப்பு 145(3)படி சட்டத்துறைத் தலைவர் கையில். அதை நீங்களோ நானோ மாத்த முடியாது.

பிறை_அண்ணன்
அக்கா, நடந்து போய் எடுத்துட்டு வந்தான்னா அது வேற. என் தம்பி கதையை இதோட சேர்த்துப் பேச மாட்டேன். ஆனாலும் எல்லா அடிதடிக்கும் 302ன்னு வாத்தியார் சொன்னதுக்கு நான் சம்மதிக்கல.

செந்தூல்_வாத்தியார்
எல்லாவற்றுக்கும் என்று நான் சொல்லவில்லை. மண்டையில் கனமான பொருளால் அடித்தவனை விசாரிக்காமல் பேரம் பேசி முடிக்காதீர்கள் என்கிறேன். இந்த வழக்கில் அந்தக் கேமராப் பதிவை ஒரு நீதிபதி உட்கார்ந்து பார்த்து எடைபோடும் வாய்ப்பே இல்லாமல் போயிற்று. அதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது.

லைட்_ஸ்ட்ரீட்_குமாஸ்தா
அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை ஐயா. அக்கா, தண்டனைக்கு முன்னால் உங்க குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேச வச்சாங்களா? குற்றவியல் நடைமுறைச் சட்டம் 183ஏ இருக்கு. குடும்பம் கேட்டுக்கிட்டா, அந்தச் சாவு அவங்களை எப்படிப் பாதிச்சதுன்னு கோர்ட்டு கேட்டே ஆகணும்.

பாகான்_சித்தி
அப்படி ஒண்ணு இருக்குன்னே யாரும் எங்களுக்குச் சொல்லல. எங்க அக்கா பின் வரிசையில் உக்காந்திருந்தாங்க.

லைட்_ஸ்ட்ரீட்_குமாஸ்தா
அப்ப தள்ளிப் போடாதீங்க. தண்டனை போதாதுன்னு அப்பீல் செய்ய அரசுத் தரப்புக்குத் தீர்ப்பிலிருந்து 14 நாள் இருக்கு. குடும்பம் நேரடியா அப்பீல் செய்ய முடியாது, டி.பி.பி.தான், அதாவது அரசுத் தரப்பு வழக்கறிஞர்தான் செய்யணும். நாளைக்கே பினாங்கு டி.பி.பி. அலுவலகத்துக்குக் கடிதம் கொடுங்க. வழக்கு எண், தீர்ப்புத் தேதி, கேமராவில் அவன் நடந்து போய் ஹெல்மெட் எடுத்தது, 183ஏ பத்தி யாரும் சொல்லாதது, இந்த நாலும் முதல் பக்கத்திலேயே வரணும். ஒரு நகலில் முத்திரை குத்தி வாங்கிக்குங்க. மலாயில் எழுதித் தர நான் இருக்கேன், தனிச் செய்தி அனுப்புங்க.

பாகான்_சித்தி
அனுப்பிட்டேன் தம்பி. தீர்ப்புத் தாளையும் படம் எடுத்து வச்சிருக்கேன்.