அனல்மின் நிலையப் புகை: சுண்ணாம்புக்கல்லா, மெம்பிரேனா?

இளவேனில்:
நிலக்கரிப் புகையில் வரும் கந்தக டை ஆக்சைடு வாயுவுக்கு மத்திய அரசு 2015 டிசம்பரில் வரம்பு வைத்தது. கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, 2025 ஜூலையில் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு விலக்கே வந்துவிட்டது. சுண்ணாம்புக்கல் பொடியை நீரில் கலக்கிப் புகையில் தெளித்து அந்த வாயுவை நீக்கும் எஃப்.ஜி.டி.யை மட்டுமே நம்பியது தப்பு என்பேன். 64 கிலோ வாயுவைப் பிடிக்க 100 கிலோ கல் வேண்டும். 44 கிலோ கரியமில வாயு கிளம்பும். 172 கிலோ ஜிப்சம் குவியும். மெம்பிரேன் (நுண்துளைச் சவ்வு) முறையில், சேமியா போன்ற துளையுள்ள இழைகளுக்குள் சோடியம் சல்பைட் கரைசல் ஓடும், இழைகளின் வெளிப்புறத்தை ஒட்டிப் புகை போகும். நுண்துளை வழியே வாயு கரைசலில் கரையும். கரைசலைச் சூடாக்கினால் அதே வாயு தனியாக வரும். கந்தக அமிலம் தயாரிக்கலாம்.

பாய்லர்காரன்:
தம்பி, ஆய்வகத்தில் சிலிண்டர் வாயுவை வைத்துச் செய்தால் எல்லாம் நடக்கும். நான் புகை போகும் டக்டுக்குள் இறங்கிப் பார்த்தவன். மின்புலத்தால் சாம்பலை இழுக்கும் இ.எஸ்.பி. கருவி 99 விழுக்காட்டுக்கு மேல் சாம்பலைப் பிடித்த பிறகும் சுவரில் முகப்பவுடர் மாதிரி படிந்திருக்கும், விரல் வைத்தால் ரேகை பதியும். இழைத் துளைகள் என்னாகும்? 500 மெகாவாட் யூனிட்டில் மணிக்கு ஏறத்தாழ 20 லட்சம் கன மீட்டர் புகை, அதுவும் 130 டிகிரி சூட்டில். பாலிபுரொப்பிலீன் இழை தாங்காது.

இளவேனில்:
குளிர வைத்து அனுப்பலாமே அண்ணே? எஃப்.ஜி.டி.யிலும் புகை குளிரத்தானே செய்கிறது. டெஃப்லான் இழை சூடும் தாங்கும். எஃப்.ஜி.டி. டவரில் புகையும் நீரும் தொட்டுக்கொள்ளும் பரப்பு ஒரு கன மீட்டருக்குச் சில நூறு சதுர மீட்டர் கிடைத்தாலே பெரிது. இழைகளைக் கட்டாக அடுக்கினால் ஆயிரத்துக்கு மேல்.

பாய்லர்காரன்:
பரப்பு சரி. நாள்பட நாள்பட கரைசலே துளைக்குள் இறங்கிவிடுமே? அப்புறம் வாயு அந்த ஈரத்தைக் கடந்து மெல்ல ஊற வேண்டும். முதல் மாதம் வந்த கணக்கு மூன்றாம் வருடம் வராது. எஃப்.ஜி.டி. 90 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கும் என்று பல நாடுகளில் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது.

செல்வி:
நீங்கள் இரண்டு பேரும் பேசுவது புரிகிறது. எங்கள் வீடு ஓர் அனல்மின் நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர். மார்கழிக் காலையில் தொண்டை கரகரக்கும், பையனுக்கு இன்ஹேலர் இல்லாமல் முடியாது. உயரமான புகைபோக்கி இருக்கிறதே என்கிறார்கள். அந்த வாயு தொலைவுக்குப் போய் சல்பேட் நுண்துகளாகி இன்னொருவர் நுரையீரலுக்குள்தான் போகிறது. நல்ல முறை வரட்டும் என்று காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

இளவேனில்:
காத்திருக்கச் சொல்லவில்லை அக்கா. பெரிய யூனிட்டுக்கு இன்றைக்கு எஃப்.ஜி.டி.தான், ஒத்துக்கொள்கிறேன். ஃபர்னஸ் ஆயில் என்ற கெட்டியான எரியெண்ணெயை எரிக்கும் சிறு பாய்லர்களில் சாம்பல் மிகக் குறைவு, கந்தகம் அதிகம். அங்கே மெம்பிரேனை ஓட்டிப் பார்க்கலாம்.

பாய்லர்காரன்:
அதில் பிசுபிசுப்பான கரி வரும் தம்பி, அதற்கும் வழி சொல்ல வேண்டும். ஒரு வருடம் நிறுத்தாமல் ஓட்டிக் காட்டினால் நானே வந்து பார்க்கிறேன்.