108 இஎம்டியைப் பழிவாங்கும் தொடர்: ஆரல்வாய்மொழி விபத்துக் காட்சி எங்கே இடிக்கும்?

தோவாளைக்காரன்:
8 பகுதி டிவி த்ரில்லர் எழுதுகிறோம். ஆரல்வாய்மொழியில் பைக் விபத்து, அடிபட்டது 2 பேர். 108 ஆம்புலன்ஸில் வரும் இஎம்டி (அவசர மருத்துவப் பணியாளர்), அடிபட்டவர்களில் ஒருவனான தம்பியை விட்டுவிட்டு மற்றவனை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறாள். தம்பி சாகிறான், அண்ணன் பழிவாங்கக் கிளம்புகிறான். விஷயம் தெரிந்தவர்கள் நம்புவார்களா?

வடசேரி:
அடித்தளமே நிற்காது மக்கா. 2 பேர்தான் என்றால் மூச்சு நின்றவனுக்கும் சிபிஆர் (நெஞ்சை அழுத்தும் உயிர்காப்பு முதலுதவி) தொடங்கி, அடுத்த வண்டியைக் கேட்பார்கள். வேன் கவிழ்ந்து 9 பேர் என்று மாற்றுங்கள். அப்போதுதான் தரம் பிரித்து வண்ண அட்டை கட்டும் வேலை வரும். தாடையைத் தூக்கி மூச்சுப்பாதையைத் திறந்த பிறகும் மூச்சு இல்லையென்றால் கறுப்பு, அதாவது காப்பாற்ற வாய்ப்பில்லை. நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு, நகத்தை அழுத்தி விட்டால் ரத்தம் திரும்ப 2 விநாடிக்கு மேல், சொன்னதைச் செய்யாமை: ஒன்று இருந்தாலும் சிவப்பு, உடனே கவனிக்க வேண்டியவன். கால் முறிந்து அலறுகிறவன் பெரும்பாலும் மஞ்சள்தான், சற்றுக் காத்திருக்கலாம். சத்தமில்லாமல் கிடக்கும் சிவப்பு அட்டைக்காரன் முதலில் ஏறுவான். ஒரு ஆளுக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம். தம்பிக்குக் கறுப்பு கட்டும் அந்த அரை நிமிடத்தை வெட்டில்லாமல் எடுங்கள்.

தோவாளைக்காரன்:
மூச்சே இல்லாதவனுக்காக அண்ணன் ஏன் இவ்வளவு வெறி கொள்ள வேண்டும்?

வடசேரி:
இதயம் நின்ற பிறகும் சில நிமிடம் வாய் பிளந்து விட்டு விட்டு இழுக்கும். அது உயிர்மூச்சு அல்ல. அவள் அடுத்தவனிடம் நகர்ந்ததும் தம்பிக்கு இரண்டு முறை அப்படி இழுக்கட்டும், அண்ணன் மட்டும் பார்க்கட்டும். "உயிரோட இருந்தவன விட்டுட்டுப் போயிட்டா" என்று சாகும்வரை நம்புவான்.

குழித்துறை:
வழக்கு வந்தால் ஒரு நுணுக்கம். பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் அலட்சிய மரணத்துக்கு 5 ஆண்டு வரை. பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் 2 ஆண்டு வரை. இஎம்டி அந்தச் சலுகைக்குள் வரமாட்டாள். அந்த பயம் அவள் முகத்தில் இருக்க வேண்டும்.

பார்வதிபுரம்:
படப்பிடிப்புக்கு: மானிட்டரில் நேர்கோடு ஓடும்போது ஷாக் கொடுக்காதீர்கள், பல தொடர்கள் சறுக்கும் இடம் இதுதான். சிபிஆரில் நெஞ்சை அழுத்துவது நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, முழங்கை மடங்கக்கூடாது. 5 செ.மீ. ஆழம் பொம்மையில் மட்டும். நடிகர் நெஞ்சில் அழுத்தினால் விலா உடையலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் காற்றில் மைக் எதையும் பிடிக்காது, வசனத்தை டப்பிங்கில் வைத்துக்கொள்ளுங்கள்.