மறு: கேட்டராக்ட் – கண்ணுக்கும் ஆற்றுக்கும் ஒரே சொல்லா?

நண்பர்களே,

நேற்று பிழை திருத்த வந்த எகிப்து வரலாற்றுக் கட்டுரையில் ‘நைல் நதியின் இரண்டாம் கண்புரை’ என்றிருந்தது. ஆங்கிலத்தில் ‘கேட்டராக்ட்’ என்பது கண்புரைக்கும் பெயர், ஆற்றில் பாறைகள் இடறும் இடத்துக்கும் பெயர்; இரண்டையும் குழப்பியது எந்திர மொழிபெயர்ப்பின் கைங்கரியம். சிரித்துவிட்டுத் திருத்தப் போனால், என்ன எழுதுவது என்று கை நின்றுவிட்டது.

ஆற்றுக் கேட்டராக்டுக்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு அருவி, நீர்வீழ்ச்சி இரண்டையும் இங்கே சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒப்பவில்லை. நைலில் எகிப்தின் அசுவானுக்கும் சூடானின் கார்த்தூமுக்கும் நடுவே கேட்டராக்ட் எனப்படும் 6 இடங்களிலும் தண்ணீர் உயரத்திலிருந்து கொட்டுவதில்லை. ஆற்றுக்குள் பாறைகள் முட்டிக்கொண்டு நிற்கும், ஆழம் குறைவு, நீர் சுழித்து ஓடும், படகு திணறும். கிரேக்கத்தில் ‘கட்டராக்டீஸ்’ என்றால் வேகமாகக் கீழே பாய்வது. அருவிக்கும் அதே சொல், கோட்டை வாயிலில் மேலிருந்து இறக்கும் கதவுக்கும் அதே சொல்.

கண்ணுக்கு வந்த கதை வேறு. தலையிலிருந்து ஏதோ நீர் கண்ணுக்குள் இறங்கி உறைகிறது என்று பழைய வைத்தியர்கள் நம்பினார்கள். அரபியில் நோயின் பெயரே ‘நுசூல் அல்மா’, அதாவது நீர் இறங்குதல். 11ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவம் இலத்தீனுக்குப் போனபோது அது ‘கட்டராக்டா’ ஆனது. உண்மையில் எதுவும் இறங்குவதில்லை, கண்ணின் வில்லைதான் மங்குகிறது.

நாமும் ‘புரை விழுந்திருக்கு’ என்கிறோமே என்று கேட்கலாம். அதை இதோடு முடிச்சுப் போட வேண்டாம். நமக்கு வழுக்கையும் விழும், சுருக்கமும் விழும். புரை என்றால் குற்றம், உட்குழிவு. குறளில் ‘புரைதீர்ந்த நன்மை’, பேச்சில் ‘புரையோடிய புண்’. கண்புரை நல்ல சொல், அது கண்ணோடு இருக்கட்டும்.

ஆற்றுக்குப் புறநானூற்றின் 192ஆம் பாட்டு கைகொடுக்கும் என்று நினைத்தேன். ‘கல்பொருது இரங்கும்’ (கல்லில் மோதி ஒலிக்கும்) பேராறு, அதில் போகும் புணை (தெப்பம்): நைலைப் பார்த்தே பாடியது போல இருக்கிறது. அருவிக்கு எதுகையாக ‘கற்பொருவி’ என்று ஆசையாகக் கட்டினேன். தமிழாசிரியையான என் மனைவி ஒருமுறை வாசித்துவிட்டு, “கற்பு ஒருவியா? கற்பை விட்டவள் என்றல்லவா வருகிறது!” என்றார். அதோடு அது போயிற்று.

இப்போதைக்கு ‘பாறைப்பாய்ச்சல்’ என்று போட்டிருக்கிறேன். ‘இரண்டாம் பாறைப்பாய்ச்சல் இன்று அசுவான் பேரணையின் நீர்த்தேக்கத்தில் மூழ்கிக் கிடக்கிறது’: வாசிக்க இடறவில்லை. பாய்ச்சல் என்றதும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது நினைவுக்கு வருகிறது என்பவர்கள் வேறு சொல் தாருங்கள். திங்கட்கிழமை கட்டுரை அச்சுக்குப் போகிறது.