மூட்டு ஈடு: பற்றவைப்புக்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

காற்றையோ நீராவியையோ அழுத்தத்தில் அடைத்து வைக்கும் அழுத்தக்கலத்தின் கணக்கில், பற்றவைத்த மூட்டைத் தகட்டோடு ஒப்பிட்டுத் தகட்டின் கனத்தைத் தீர்மானிக்க உதவும் பின்ன எண்ணுக்கு (ஆங்கிலத்தில் joint efficiency) "பற்றவைப்புத் திறன்" என்பதையே வைத்துக்கொள்ளலாம், பழகிய சொல்தானே என்று ஐயா எழுதியிருந்தீர்கள். உங்கள் மீது மரியாதை உண்டு. ஆனாலும் இந்தச் சொல்லை நான் ஏற்கமாட்டேன். அதற்குக் காரணம் எங்கள் பட்டறையில் நடந்த ஒரு சம்பவம்.

தஞ்சாவூர்ப் பக்கத்து அரிசி ஆலைகளுக்குக் காற்றுத் தொட்டி செய்து கொடுக்கிறோம். கறுத்த அரிசியைக் கண்டறிந்து காற்றால் ஊதித் தள்ளும் இயந்திரம் இப்போது ஆலைக்கு ஆலை வந்துவிட்டதால் இந்த வேலைக்குக் குறைவில்லை. பயிற்சிக்கு வந்த டிப்ளமோ மாணவர் ஒருவர் வரைபடக் குறிப்புகளைத் தமிழில் எழுதிப் பலகையில் ஒட்டினார். நல்ல காரியம். அதில் ஒரு வரி: "பற்றவைப்புத் திறன் 0.7". இருபது ஆண்டுகளுக்கு மேல் பற்றவைக்கும் எங்கள் மூத்த தொழிலாளி முகமூடியைத் தூக்கிவிட்டு அதைப் படித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "என் வேலை நூற்றுக்கு எழுபதுதானா, தம்பி?"

அந்த எண்ணுக்கும் அவர் கைக்கும் தொடர்பே இல்லை. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் விதித்தொகுப்பில், அழுத்தக்கலங்களுக்கான எட்டாம் பிரிவு சொல்வது இது: தகடுகள் விளிம்போடு விளிம்பு முட்டி, உள்ளும் புறமும் பற்றவைத்த மூட்டை முழு நீளத்துக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் 1.0. அங்கங்கே எடுத்தால் 0.85. எடுக்கவே இல்லையென்றால் 0.7. ஆள் அவரேதான், குச்சியும் மூட்டும் அவைதான். மாறுவது நாம் பார்த்தோமா இல்லையா என்பது மட்டுமே.

இன்னொன்று, அந்த எண்ணை அவர் பொறி தட்டுவதற்கு முன்பே நாங்கள் தேர்ந்துவிட்டோம். அந்தத் தொட்டியின் உள் ஆரம் 600 மில்லிமீட்டர், அழுத்தம் 1 மெகாபாஸ்கல், தகட்டுக்கு அனுமதித்த தகைவு (stress, அதாவது ஓரலகுப் பரப்பில் தாங்கும் விசை) 138 மெகாபாஸ்கல். உருளையின் நீளவாக்கில் ஓடும் நெடுக்கு மூட்டைப் பிளக்கப் பார்க்கும் தகைவு, உருளையைச் சுற்றி ஓடும் சுற்று மூட்டில் வருவதைப் போல இரண்டு மடங்கு என்பதால் கனத்தை அதுதான் முடிவு செய்கிறது. துருவுக்கு 1.5 மி.மீ. சேர்த்துக் கணக்கிட்டால் 1.0-க்கு ஏறத்தாழ 5.9 மி.மீ. கனம் வருகிறது, 0.85-க்கு 6.7, 0.7-க்கு 7.8. எங்களுக்குக் கிடைக்கும் தகடு 6 அல்லது 8 மி.மீ. ஆக, அங்கங்கே படம் எடுத்தாலும் 8தான், எடுக்காவிட்டாலும் 8தான். 6-க்கு இறங்க வேண்டுமானால் முழு நீளமும் எடுக்க வேண்டும். 2.5 மீட்டர் நீள உருளையில் அது ஏறத்தாழ 150 கிலோ இரும்பை மிச்சப்படுத்தும், ஆனால் 10 மீட்டர் மூட்டுக்குப் படச்செலவு வைக்கும். எங்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை, அதனால் 0.7 வைத்து 8 மி.மீ. தகடு வாங்கினோம். ஒருவருடைய திறனை இப்படி மேசையில் உட்கார்ந்து நாம் தேர்ந்தெடுக்க முடியுமா?

திறன் என்றால் பள்ளி இயற்பியலில் வாட்டில் அளப்பதும்தான். பயனுறுதிறன் என்றால் உள்ளே போட்டதில் எவ்வளவு வெளியே வந்தது என்ற கணக்கு. இந்த எண் இரண்டும் அல்ல.

திருவாரூர் நண்பர் முன்வைத்த "மூட்டுத் தகவு" என் மனத்துக்கு மிகவும் பிடித்தது. தகவு என்றால் விகிதம், தகுதி என்ற பொருளும் உண்டு. ஆனால் சூத்திரத்தில் இந்த எண் உட்காரும் இடத்தைப் பாருங்கள்: தகைவை இதனால் பெருக்குகிறோம். "தகைவு பெருக்கல் தகவு" என்று வகுப்பில் சொன்னால் மாணவர் காதில் என்ன விழும்? அச்சில் ஓர் ஐகாரம் விழுந்தால் தொட்டியின் கனமே தவறிவிடும். கனத்த மனத்தோடுதான் இதை விலக்குகிறேன்.

என் முன்மொழிவு: மூட்டு ஈடு.

தகட்டுக்கு இந்த மூட்டு எவ்வளவு ஈடு என்பதுதானே கேள்வி? "அவருக்கு ஈடு யார்" என்று சொல்கிறோமே, அந்த ஈடு. முழுதும் பார்த்த மூட்டு தகட்டுக்கு ஈடானது, அதாவது 1.0.

இதே சொல்லுக்கு நம் பக்கத்தில் இன்னொரு வாழ்க்கையும் உண்டு. சம்பாவுக்கு நிலத்தை ஈடு வைத்துக் கடன் கேட்பவரிடம் வில்லங்கச் சான்று எங்கே என்பார்கள். சான்று இல்லையென்றால் துணிந்து கொடுப்பவரும் குறைத்துத்தான் கொடுப்பார். நிலம் மட்டமானது என்று அதற்குப் பொருளில்லை. அதே வண்டல், அதே வாய்க்கால் பாய்ச்சல்தான். பார்க்காததற்குக் குறைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். எக்ஸ்ரே படம் மூட்டுக்கு வில்லங்கச் சான்று. இதைவிடப் பொருத்தமாக இந்த எண்ணை எனக்கு விளக்கத் தெரியவில்லை.

நட்டஈடு நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்லலாம். மூட்டு என்ற சொல் முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன். இணைப்பைவிட மூட்டு மேல், ஏனென்றால் இணைப்பு என்றால் மின்சாரமும் சமையல் எரிவாயுவும் வந்துவிடுகின்றன.

பலகையில் அந்த வரியை அழித்து "மூட்டு ஈடு 0.7, எக்ஸ்ரே இல்லை" என்று எழுதச் சொன்னேன். மூத்தவர் வந்து படித்தார். "படம் எடுத்தால் முழு ஈடு தருவீர்களா?" என்றார். தருவோம் என்றேன். "அப்படியானால் ஒரு தொட்டிக்காவது எடுங்கள், நான் பார்க்க வேண்டும்" என்றார். அடுத்த தொட்டிக்கு எடுக்கப் போகிறோம்.

ஒரு சொல் இன்னும் பாக்கி இருக்கிறது. உள்ளே கை நுழையாத சிறு கலத்தில் மூட்டுக்கு அடியில் ஒரு பட்டையை வைத்து வெளியிலிருந்து மட்டும் பற்றவைக்கிறோம் அல்லவா? அதற்கு ஈடு, முழுதும் எடுத்தால், அங்கங்கே எடுத்தால், எடுக்காவிட்டால் என்ற அதே வரிசையில் 0.90, 0.80, 0.65 என்று குறைகிறது. அந்தப் பட்டைக்குத் "தாங்குபட்டை" என்று எழுதி வருகிறேன். கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறைகளில் இதற்கு வேறு பெயர் புழங்கினால் தெரிவியுங்கள்.